புனைவுக் காட்டில் பொய் விலங்குகள்: ஒரு வரலாற்று நோக்கு

கதைக்குக் கால் இல்லை என்பது பழமொழி. காலே இல்லாத கதைக்குள் வரும் ஓநாய்க்கு மட்டும் நான்கு காலும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று கேட்பது என்ன நியாயம் என்று நம் வட்டத்துக் கவிஞர் எவரேனும் வினவலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் இளையோருக்கென எழுதப்பட்ட மேலை நாட்டுப் புனைகதைகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்தக் கேள்விக்காகப் பெரிய மனிதர்கள் பலர் மல்லுக்கு நின்றிருப்பதும், அம்மல்லுக்கட்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் ஒருவரே பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பதும் தெரியவருகின்றன. அந்த வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. பறவையையும் விலங்கையும் பாட்டில் வைக்கும் நமக்கு அது வேற்றுநாட்டார் வழக்கு என்று ஒதுக்கத்தக்கதும் அன்று.

கதையில் ஓட்டை தேடுவோர் நாவல் பிறந்த அன்றே பிறந்துவிட்டார்கள். டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' 1719-ஆம் ஆண்டு வெளிவந்தது. கரையொதுங்கிய குரூசோ ஆடையைக் களைந்துவிட்டு நீந்திச் சென்று, உடைந்த கப்பலில் ஏறி, அங்கே தன் சட்டைப் பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். ஆடை இல்லாதவனுக்குப் பை எங்கிருந்து வந்தது? அதே ஆண்டிலேயே சார்லஸ் கில்டன் என்பவர் ஒரு குறுநூல் எழுதி இதை எள்ளி நகையாடினார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் குரூசோவின் பை ஆங்கில வகுப்பறைகளில் சிரிப்பை விளைவித்துக்கொண்டிருக்கிறது. குரூசோவும் வாசிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறான்.

குரூசோவின் வழிவந்த 'ஸ்விஸ் குடும்ப ராபின்சன்' (1812) இதைக் காட்டிலும் துணிச்சலானது. பெர்ன் நகரத்துப் பாதிரியார் யோஹான் டேவிட் வீஸ் தம் புதல்வர்களுக்குச் சொன்ன கதையை மகன் யோஹான் ருடால்ஃப் வீஸ் நூலாக்கினார். அந்த ஒரு தீவில் பெங்குவினும் உண்டு, கங்காருவும் உண்டு, குரங்கும் உண்டு. உலகத்து விலங்குகளெல்லாம் நோவாவின் பேழையிலிருந்து நேரே அங்குதான் இறங்கினவோ என்று ஐயுறத் தோன்றும். ஆனால் வீஸ் பாதிரியாருக்கு நிலவியல் நோக்கமன்று. பிள்ளைகளுக்கு விலங்குகளின் பெயரும் குணமும் தெரியவேண்டும், அவ்வளவே. அவருடைய தீவு கதை என்னும் போர்வைக்குள் ஒரு பாடப்புத்தகம்.

இன்னொரு சிறு நிகழ்ச்சியையும் சொல்லிவிட்டு மேற்செல்லலாம். எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய 'டார்ஜான்' கதை 1912 அக்டோபரில் 'ஆல்-ஸ்டோரி' என்னும் இதழில் வந்தபோது, ஆப்பிரிக்கக் காட்டில் சேபர் என்றொரு புலி உலவியது. ஆப்பிரிக்காவில் புலி ஏது என்று வாசகர்கள் எழுதினார்கள். 1914-இல் நூலாக வந்தபோது சேபர் பெண்சிங்கமாக மாறிவிட்டது. குரங்கினத்தால் வளர்க்கப்பட்ட ஒரு மனிதக் குழந்தை படம் போட்ட புத்தகங்களைப் பார்த்துத் தானே எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டதை ஏற்றுக்கொண்ட வாசகர், ஆப்பிரிக்கப் புலியை ஏற்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நம்ப முடியாததை வாசகன் நம்பிவிடுகிறான். தான் அறிந்ததற்கு மாறானதைத்தான் நம்ப மறுக்கிறான். நடக்கவே இயலாததைச் சொல்லுகிறவனுக்கு வாசகன் ஒரு சலுகை தருகிறான். நடக்கக்கூடியதைத் தவறாகச் சொல்லுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனிப் பெருவழக்குக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வட அமெரிக்காவில் ஒரு புதுவகைக் கதை தோன்றியது. அதில் விலங்கே தலைவன். ஆனால் அது பஞ்சதந்திரத்து நரியைப்போல் வாய்திறந்து நீதி பேசாது. காட்டில் உள்ளபடியே பிறந்து, இரை தேடி, துன்புற்று, பெரும்பாலும் கொலையுண்டு மடியும். இவ்வகைக்கு முதல்வர் என்று எர்னஸ்ட் தாம்சன் சீட்டனைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1860-இல் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், ஓவியர், காட்டில் நெடுங்காலம் அலைந்தவர். நியூ மெக்சிகோவின் கரம்பா பகுதியில் கால்நடைகளைக் கொன்று குவித்த ஓர் ஓநாயைப் பிடிக்க அவர் அழைக்கப்பட்டார். நஞ்சுக்கும் பொறிக்கும் அகப்படாத அந்த ஓநாயின் பெயர் லோபோ. அதன் துணையான பிளாங்கா என்னும் வெண்ணிறப் பெண் ஓநாயை முதலில் கொன்று, அதன் வாசனையைப் பொறிகளைச் சுற்றிலும் இழைத்து, 1894 ஜனவரி இறுதியில் லோபோவைப் பிடித்தார் சீட்டன். அது கட்டுண்ட நிலையிலேயே இறந்தது. வேட்டைக்குப் போனவர் அந்த ஓநாயின் சரிதத்தை எழுதுபவராகத் திரும்பினார். அக்கதையை முதலாகக் கொண்ட 'நான் அறிந்த காட்டு விலங்குகள்' 1898-இல் வெளிவந்து பெருவிற்பனை கண்டது. அதற்கு முன் ஓநாய்க்காகக் கண்ணீர் விட்ட வாசகர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

சிக்கல் முன்னுரையில் இருந்தது. இக்கதைகள் உண்மையானவை என்று தொடங்கிய சீட்டன், பல இடங்களில் வரலாற்றுக் கோட்டை விட்டு விலகியிருப்பதையும் ஒப்புக்கொண்டார். இரண்டு தோணியிலும் ஒவ்வொரு காலை வைத்த முன்னுரை அது. நூலுக்குள்ளோ, வேட்டைநாய்களைத் தொடரவிட்டு இரயில் வரும் நேரம் பார்த்துத் தண்டவாளப் பாலத்தின்மேல் அவற்றை இட்டுச்செல்லும் நரி வருகிறது. சங்கிலியில் கட்டுண்ட தன் குட்டியை மீட்க இயலாமல் அதற்குத் தானே நஞ்சூட்டிக் கொல்லும் தாய்நரியும் வருகிறது. கதையாக அவை நெஞ்சைத் தொடுவன. மெய்யாக?

'மெய்யல்ல' என்று எழுந்தவர் ஜான் பரோஸ். டார்ஜான் பரோசுக்கும் இவருக்கும் பெயர் ஒலிப்பு ஒன்றானாலும் உறவில்லை. இயற்கை பற்றிய கட்டுரைகளுக்காக அமெரிக்கா முழுதும் போற்றப்பட்ட வெண்தாடிக் கிழவர் அவர். 1903 மார்ச் மாத 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில், மெய்யான இயற்கை நூலும் போலி இயற்கை நூலும் என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். சீட்டனின் நூலுக்கு, 'நான் மட்டுமே அறிந்த காட்டு விலங்குகள்' என்று பெயரிட்டிருக்கலாம் என்று குத்தினார். அதைவிடக் கடுமையான அடி வில்லியம் ஜே. லாங் என்பவருக்கு. கனெக்டிகட்டில் பாதிரியாராக இருந்த லாங் எழுதிய நூல்கள் பள்ளிகளில் வாசிக்கப்பட்டு வந்தன. விலங்குகளும் பறவைகளும் தம் குட்டிகளுக்கும் குஞ்சுகளுக்கும் முறையாகப் பாடம் கற்பிக்கின்றன என்பது அவர் கொள்கை. மீன்கொத்தி உயிருள்ள சிறு மீன்களைக் கொண்டுவந்து ஆழமற்ற குட்டையில் விட்டுக் குஞ்சுகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுத்தருகிறது என்று அவர் எழுதியிருந்தார். பிறவியறிவால் நடப்பதைப் பள்ளிக்கூடமாக்குவது புரட்டு என்றார் பரோஸ்.

லாங் அடங்கிப்போகவில்லை. ஒவ்வொரு விலங்கும் தனித்தனி ஆள். ஓர் இனத்தின் பத்து உயிர்களைக் கண்டவர் பதினோராவது இப்படித்தான் நடக்கும் என்று ஆணையிட இயலாது என்று மறுமொழி எழுதினார். இந்த வாதத்தில் வலு உண்டு. அன்று அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்காமற் போனதற்கு லாங்கே காரணம். அதே 1903-இல் அவர் இன்னொன்றையும் எழுதினார். வுட்காக் என்று ஒரு பறவை. ஈரமண்ணில் நீண்ட அலகைச் செருகி மண்புழு தேடுவது. அதன் கால் முறிந்தபோது, அது ஓடைக்கரையில் களிமண்ணையும் புல்நாரையும் பிசைந்து காலில் அப்பி, கட்டு இறுகும்வரை அசையாது காத்திருந்ததைத் தம் இளமையில் கண்டதாகச் சொன்னார். அறிவியலாளர் கொதித்தெழுந்தனர். எறும்பியலில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வில்லியம் மார்ட்டன் வீலர் 1904-இல் 'சயன்ஸ்' இதழில் இந்தப் பறவை வைத்தியத்தைக் கிழித்தெறிந்தார். லாங்கோ கண்டவர்களின் சான்றுரைகளைத் திரட்டலானார். ஒரு கதையாசிரியர் கதைக்குச் சாட்சி தேடப் புறப்பட்டுவிட்டால், கதை அப்போதே பாதி செத்துவிட்டது என்பது என் கருத்து.

தியோடர் ரூஸ்வெல்ட் அப்போது குடியரசுத் தலைவர். பரோசின் நண்பர், 1903 ஏப்ரலில் இருவரும் சேர்ந்து யெல்லோஸ்டோன் பூங்காவுக்குச் சென்று வந்தனர். பதவியின் பொருட்டு நான்காண்டு வாளாவிருந்தவர் 1907 ஜூனில் 'எவ்ரிபாடீஸ்' இதழில் வெளியான ஒரு நேர்காணலில் வாய்திறந்தார். பெரிய காரிபூ மானை ஓநாய் மார்பில் ஒரே கடியாகக் கடித்து இதயத்தைப் பிளந்தது என்று லாங் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு, ஓநாயின் தாடை எவ்வளவு அகலும், மானின் மார்புக்கூடு எவ்வளவு அகலம் என்று உடற்கூற்றுக் கணக்கே போட்டார். ஜாக் லண்டனின் 'வெண்பல்' (1906) நாவலில், ஓநாய்க் குருதி ஓடும் அந்தப் பெரிய நாயை ஒரு புல்டாக் வீழ்த்தும் நிலைக்குக் கொண்டுவருவதையும் நம்ப மறுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தாமே ஒரு கட்டுரை எழுதி, இவ்வகை எழுத்தாளர்க்கு 'இயற்கைப் புரட்டர்' என்ற பட்டத்தை நிலைநாட்டினார். இதில் ஒரு சொல்வேடிக்கை. ஜூன் மாதக் கட்டுரையின் தலைப்பில் புரட்டர் என்பதற்கு அவர்கள் அச்சிட்ட சொல் 'ஃபகீர்'. நாம் பக்கிரி என்று வழங்கும் அதே சொல், ஆங்கில 'ஃபேக்கர்' என்பதனோடு ஒலியொப்புமையால் குழம்பி, அக்கால அமெரிக்க வழக்கில் ஏமாற்றுக்காரனுக்குப் பெயராகியிருந்தது. கிழக்கத்தித் துறவி எந்தப் பாவமும் அறியாமல் அந்தச் சண்டையில் சிக்கினார்.

லாங்கின் பதிலடியும் சாதாரணமானதன்று. ரூஸ்வெல்ட் இயற்கையறிஞரல்லர், வேட்டைக்காரர். காட்டுயிரின் நெஞ்சருகே அவர் சென்றபோதெல்லாம் உள்ளே சென்றது துப்பாக்கிக் குண்டே என்ற பொருள்படச் சொன்னார். ஜாக் லண்டன் 1908-இல் 'காலியர்ஸ்' இதழில் விடையிறுத்தார். என் நாய் சிந்திக்கவில்லை, வெறுமனே செய்கிறது என்று கதையின் ஓட்டம் கெடும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேனே, அதைக் கண்டீர்களா என்பது அவர் முறையீடு. புல்டாக் வெல்லுமா வெல்லாதா என்பது கருத்து வேறுபாடு. அதற்காக ஒருவரைப் புரட்டர் என்பதா என்றும் கேட்டார். இந்த இடத்தில் நான் லண்டன் பக்கம்.

ஆனால் ரூஸ்வெல்ட் ஒரு வேற்றுமையை மிகத் தெளிவாகக் கண்டிருந்தார். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் அவர் குறை காணவில்லை. அவை கற்பனை என்று தம்மை அறிவித்துக்கொள்பவை. கரடி பாடம் நடத்தினால் குழந்தை அதைக் காட்டில் போய்த் தேடாது. கட்டுக்கதையைக் கண்டறிந்த உண்மை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதே குற்றம் என்பது அவர் தீர்ப்பு. தொல்காப்பியம் கற்ற நமக்கு இது வியப்பன்று. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று பிரித்து, இரண்டும் சேரும் புலனெறியைச் சொன்ன நூல் அது. அதே நூலின் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று தொடங்கி ஒன்பது இளமைப் பெயர்களை எண்ணி, எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்றும் வரையறுக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பாடிய நம் புலவர் எவரும் அதை ஆற்றங்கரையில் கண்டேன் என்று சான்றுரை வாங்கியதில்லை. லாங் வாங்கினார். வேற்றுமை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேற்றுமை.

இந்தச் சண்டையில் தப்பிப் பிழைத்தவர் சீட்டன். பரோஸ் அவருடைய குறிப்பேடுகளையும் சேகரிப்புகளையும் கண்டபின் சினம் தணிந்தார். சீட்டனும் கதையை ஒதுக்கிவைத்து அளவைக்கோலை எடுத்தார். 1909-இல் வட நாட்டு விலங்குகளின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாகவும், பின்னர் வேட்டை விலங்குகள் பற்றி நான்கு தொகுதிகளாகவும் வெளியிட்டார். பின்னதற்காக 1927-இல் அவருக்குக் கிடைத்த விருதின் பெயர் ஜான் பரோஸ் பதக்கம்! பரோஸ் 1921-இலேயே மறைந்துவிட்டார். லாங் பெயரோ பள்ளிகளிலிருந்தும் மெல்ல மெல்ல மறைந்தது.

வரலாறு இத்துடன் நின்றிருந்தால் தீர்ப்பு எளிது. நிற்கவில்லை. விலங்குகள் குட்டிகளுக்குக் கற்பிப்பதில்லை என்பது பரோசின் அசையாத நிலைப்பாடு. 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, தென்னாப்பிரிக்கக் கலஹாரியில் மீர்கேட் என்னும் சிறு கீரியினத்தைப் பற்றியது. மூத்த மீர்கேட்டுகள் மிக இளங்குட்டிகளுக்குச் செத்த தேளைத் தருகின்றன. சற்று வளர்ந்தவற்றுக்குக் கொடுக்கு நீக்கிய உயிர்த்தேளை. இன்னும் வளர்ந்தால் முழுத்தேளை. மீன்கொத்தி குட்டையில் நடத்திய பாடத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? 2022-இல் சுமத்திராவில் ராகூஸ் என்னும் காட்டு ஒராங் ஊத்தன் தன் முகப்புண்ணில் ஒரு மூலிகைக் கொடியின் இலையை மென்று சாற்றையும் விழுதையும் பூசியதைக் கண்டு, 2024-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதே 2024-இல், புளோரிடாவின் ஒருவகை எறும்பு, காயம்பட்ட தோழியின் காலைக் கடித்துத் துண்டித்து உயிர் காப்பாற்றுவதும் ஆய்வால் உறுதியாயிற்று. பறவை வைத்தியத்தை எள்ளிய வீலர் எறும்பு அறிஞர் என்பதை இங்கே நினைவிற்கொள்க. இவற்றால் லாங் சொன்னது மெய்யாகிவிடாது. வுட்காக்கின் களிமண் கட்டை அறிவியல் இன்றுவரை ஏற்கவில்லை. விலங்குக்கு அறிவு மிகுதி என்று அவர் சொன்ன திசை சரி. கண்டதாகச் சொன்ன காட்சிதான் ஐயத்துக்குரியது.

கிப்ளிங்கை ரூஸ்வெல்ட் மன்னித்தார்; நாம் சற்றே உள்ளே சென்று பார்க்கலாம். 'காட்டுப் புத்தகம்' (1894) மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் குன்றுகளில் நிகழ்வது. எழுதப்பட்டதோ அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். ஸ்டெர்ன்டேல் எழுதிய நூல்களே கிப்ளிங்குக்குச் சிவனியைக் காட்டின. அவருடைய கா என்னும் மலைப்பாம்பு முப்பதடி நீளம். கண்ணால் மயக்கிக் குரங்குகளைத் தன் வாய்க்கே வரவழைக்கும். இந்திய மலைப்பாம்பு அவ்வளவு வளர்வதில்லை. எந்தப் பாம்பும் பார்வையால் மயக்குவதில்லை. இவை நாடக வழக்கு, போகட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஓநாய்க்குச் சட்டம் உண்டு, குரங்குக்குச் சட்டம் இல்லை என்று அந்நூல் அடித்துச் சொல்கிறது. உண்மையில் நம் நாட்டுச் செம்முகக் குரங்குக் கூட்டத்தில் யார் மேல், யார் கீழ், யார் மகள் எந்தப் படியில் நிற்பாள் என்பதெல்லாம் வெகு கண்டிப்பான வரிசைக்கு உட்பட்டவை. சட்டமற்ற கூட்டம் என்று ஆசிரியர் எவரை எண்ணினாரோ, அவர் முகத்தை மறைக்கக் குரங்கு முகம் கிடைத்தது போலும். விலங்கின் இயல்பை மாற்றி எழுதும்போது, அந்த மாற்றம் எந்த மனிதனுக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ரிச்சர்ட் ஆடம்சின் 'வாட்டர்ஷிப் டவுன்' (1972) இதற்கு இன்னும் நுட்பமான சான்று. முயல்கள் வளையை இழந்து புதுநிலம் தேடிப்போகும் காவியம். தம் மகள்களுக்குச் சொன்ன கதையை ஆசிரியர் நூலாக்கினார். விலங்கியல் அறிவுக்கு ரொனால்ட் லாக்லி 1964-இல் எழுதிய முயல் ஆய்வு நூலைத் துணைக்கொண்டார். அதை நன்றியோடு சொல்லியும் இருக்கிறார். பின்னர் இருவரும் நண்பராகி அண்டார்க்டிகாவுக்கே சேர்ந்து பயணம் போனார்கள். முயல் உண்பது, பதுங்குவது, தன் கழிவையே மீண்டும் உண்பது, இடர்க் காலத்தில் கருவிலிருக்கும் குட்டிகளை உடலே உறிஞ்சிக்கொள்வது எல்லாம் அந்நாவலில் பிசகில்லாமல் வருகின்றன. பிசகு கதையின் நடுத்தூணில். ஆண் முயல்கள் ஊர்விட்டு ஊர் வந்து, குன்றின்மேல் குடியேறியபின்தான் தம்மோடு ஒரு பெண்முயல்கூட இல்லையே என்று தலைவனுக்கு உறைக்கிறது. பிற்பாதி முழுவதும் பெண் தேடும் படையெடுப்பு. முயல் வளையின் வாழ்வில் பெண்முயலின் ஆட்சி பெரிது என்றும், குட்டி ஈனும் வளையைத் தோண்டுபவள் அவளே என்றும் லாக்லி எழுதியிருந்ததை ஆடம்ஸ் படிக்காதவரல்லர். புனைவெழுத்தாளர் உர்சுலா லெ குவின் இந்தக் குறையைச் சினத்தோடு சுட்டிக்காட்டினார். போரில் பழகிய ஒரு தலைமுறையின் ஆண்கூட்டத்தை முயல் தோலுக்குள் நுழைத்ததால் நேர்ந்தது இது. ஆடம்ஸ் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். கதையின் ஓட்டையும் விலங்கியல் ஓட்டையும் இங்கே ஒரே ஓட்டை. நல்ல நாவல் அது. மீண்டும் படித்தாலும் இன்பம் தருவது. இருந்தும் தாய் முயல்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் தெரிந்துகொண்டேயிருக்கிறது.

பிழை எப்போதும் எழுத்தாளரிடமே பிறப்பதில்லை, அறிவியலிலிருந்தும் இறங்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் ஓர் ஆய்வு எழுதினார். ஒன்றோடொன்று உறவில்லாத ஓநாய்களைக் கூண்டில் சேர்த்தால் சண்டைதான். அச்சண்டையில் வென்றது 'ஆல்ஃபா'. டேவிட் மெக் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற ஓநாய் நூலும் இச்சொல்லைப் பரப்பிற்று. பின்னர் காட்டில் ஆண்டுக்கணக்கில் ஓநாய்களைப் பின்தொடர்ந்த மெக், கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே, தலைவன் சண்டையிட்டுப் பட்டம் பெற்றவனல்லன், தகப்பன் என்று கண்டு, 1999-இல் கட்டுரை எழுதித் தாம் பரப்பிய சொல்லைத் தாமே மறுத்தார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தாரிடம் ஆண்டுக்கணக்கில் வேண்டினார்; 2022-இல்தான் அது நின்றது. இதற்கிடையே இளையோர் மாயப்புனைவில் ஓநாய்மனிதர் கூட்டம் கூட்டமாக நுழைந்துவிட்டனர். ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' வரிசை (2005–2008) உட்பட எத்தனையோ கதைகளில் ஆல்ஃபாவின் கட்டளையை மீற முடியாது என்பதே கதைமுடிச்சு. அறிஞர் திரும்பப் பெற்ற சொல்லைக் கதை திரும்பத் தருவதில்லை.

ஓநாய் பற்றிய கதை ஓநாயின் உயிரையும் தொடும். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே யெல்லோஸ்டோனில் 1926-ஆம் ஆண்டுக்குள் கடைசி ஓநாய்களையும் கொன்று முடித்தார்கள். லோபோவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். 1995-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து அங்கே மீண்டும் ஓநாய்களை விட்டார்கள். எந்தக் கதை எத்தனை விழுக்காடு காரணம் என்று அளக்கக் கோல் இல்லை. ஆயினும் சீட்டனின் மிகைகளை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணத் தோன்றுகிறது.

கடைசியாக ஆந்தை. ஜே. கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர்' வரிசை 1997-இல் தொடங்கியது. ஓட்டை தேடுவோர்க்கு அது வேட்டைக்காடு. மூன்றாம் நூலில் (1999) ஒரு மாணவி ஒரே நேரத்தில் இரு வகுப்புகளுக்குப் போகக் காலத்தைத் திருப்பும் கருவியைத் தருகிறார்கள். அப்படியொரு கருவி இருக்க, கொலைகளை ஏன் தடுக்கவில்லை? ஐந்தாம் நூலில் (2003) சண்டையொன்றில் அக்கருவிகளெல்லாம் நொறுங்கிப்போகின்றன. ஓட்டையை ஆசிரியரும் கண்டுகொண்டார் என்பதற்கு அந்த உடைந்த கண்ணாடியே சாட்சி. அஞ்சல் சுமக்கும் ஆந்தை இன்னொரு ஓட்டை. முகவரி இல்லாமலேயே, ஆள் எங்கிருந்தாலும் ஆந்தை கடிதத்தைச் சேர்த்துவிடும். அப்படியானால் தலைமறைவாயிருக்கும் சிரியஸ் பிளாக்கைத் தேடும் அரசாங்கம் அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, ஆந்தையின் பின்னே பறந்து போயிருக்கலாமே! நாலாம் நூலில் வெள்ளை ஆந்தை கண்ணில் படும், வேறு ஆந்தையை அனுப்பு என்று அவன் எழுதும்போது ஆசிரியர் ஓட்டையின் விளிம்பு வரை வந்து திரும்பிவிடுகிறார்.

ஹெட்விக் என்னும் அந்தப் பறவை பனி ஆந்தை. இரவு பகல் பாராமல் வேட்டையாடுவது. சூரியன் மறையாத வடதுருவக் கோடையில் அதற்கு இரவே கிடையாது. முழுவெண்மை ஆணுக்கே உரியது, பெண்ணின் மேனியில் கரும்பட்டைகள் உண்டு. ஆதலால் திரைப்படங்களில் பெண் ஹெட்விக்காக நடித்தவை ஆண் ஆந்தைகள். இவையெல்லாம் மாயப்பள்ளிக் கதையில் பொருட்படுத்தத் தக்கவையல்ல என்றுதான் நானும் சொல்வேன். சிறு கூண்டில், அறை மூலையில், பள்ளிப் பிள்ளையின் தோழனாக ஆந்தை வாழும் என்ற ஒன்றைத் தவிர. ஆந்தை கூண்டுக்கு ஆகாத உயிர். அன்றாடம் மாமிசம் வேண்டும், பறக்க வெளி வேண்டும், கொஞ்சினால் மகிழ்வதும் கிடையாது.

2010 நவம்பரில் இந்திய ஆந்தை வணிகம் பற்றிய ஓர் அறிக்கை வெளியிடப்பட்டபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஹாரி பாட்டர் மோகத்தால் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கித் தரும் வழக்கம் தோன்றியிருப்பதாகச் சுட்டினார். நம் நாட்டில் ஆந்தையின் பெரும் பகை தீபாவளிக்கால மாந்திரீக பலிதான் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. 2017-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் ஹாரி பாட்டரால் ஆந்தை விற்பனை கூடியதற்குச் சான்றில்லை என்றது ஒன்று. ஜாவா, பாலித் தீவுகளின் பறவைச் சந்தைகளில் முன்பு அரிதாயிருந்த ஆந்தைகள் இப்போது பலவினமாகக் குவிந்து கிடப்பதைக் கணக்கெடுத்தது மற்றொன்று. அவற்றிற் பெரும்பாலானவை காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை. இந்தோனேசிய மொழியில் ஆந்தைக்கு வழிவழியாக வந்த பெயர் 'பூரூங் ஹந்து', பேய்ப்பறவை. கூகைக் குரலுக்கு நம்மவர் அஞ்சியதுபோல் அவர்களும் அஞ்சி, அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். சந்தை வியாபாரிகள் இப்போது அதைப் 'பூரூங் ஹாரி பாட்டர்' என்று கூவி விற்கிறார்கள்.